ஆறு கண்ணாடி வயிறும் ஒரு சாவி நோட்டும்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சின்ன வயதில் அப்பா ஏணியிலிருந்து விழுந்தபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே ஓடிப்போய்த் தூக்கியவள் அவள். கால் மடங்கிக் கிடந்த மனிதர், “முதல்ல சிரிச்சு முடி, அப்புறமா தூக்கு” என்றாராம். பள்ளிக்கூடத்தில் வாய்மொழித் தேர்வு நாளெல்லாம் அவள் வகுப்புக்கு வெளியேதான் நின்றாள். கல்யாணமே அந்தச் சிரிப்பால்தான் நடந்தது. அவள் ஏறியிருந்த பஸ் ஒருநாள் பிரேக் பிடிக்காமல் ஓடி, சாலையோரத்து மணல் குவியலில் முட்டி நின்றது. உள்ளே இருந்த நாற்பது பேரும் ஓட்டுநரை வாயில் வந்தபடி திட்ட, முன் இருக்கையில் ஒருத்தி மட்டும் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார். இருபது வருடமாகக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: “பஸ்ஸே திட்டுச்சு, இவ மட்டும் சிரிச்சா. அதுல ஏமாந்தவன்தான் நான்.”

வேலை ஒரு மருந்துத் தொழிற்சாலையில். இரண்டாம் மாடி ஆய்வுக்கூடத்தில் ஜன்னலோர மேசை அவளுடையது. அதன்மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. உடம்புச் சூட்டில் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதில் கழுத்து வரை மூழ்கியபடி ஆறு கண்ணாடிக் குடுவைகள். முட்டையின் அடிப்பக்கம் போல அடி உருண்டவை. உள்ளே வயிற்று நீர் மாதிரி ஒரு திரவம், அதைக் கிண்டிக்கொண்டே இருக்கும் சின்னத் துடுப்பு. குடுவைக்கு ஒரு மாத்திரையைப் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, எவ்வளவு மருந்து கரைந்து வெளியே வந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். பத்தொன்பது வருடத்துக்கு முன் அந்தக் குடுவைகளைக் கழுவ வந்தவள், மாலை வகுப்பில் படித்து டிப்ளமா வாங்கி, கழுவிய குடுவைகளுக்கே பொறுப்பாளி ஆனாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘ஆறுவயிறு’ என்று பேர். மத்தியானம் யாராவது, “ஆறுவயிறு இன்னும் சாப்பிடலையா?” என்றால், “அது ஆறும் சாப்பிட்டாச்சு. ஏழாவதுதான் காயுது” என்பாள்.

ஒரு மாத்திரையில் மருந்து என்று இருப்பது பல நேரம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் கூட வருகிற கூட்டம். இடத்தை நிரப்ப ஒன்று, உதிராமல் ஒட்டிப் பிடிக்க ஒன்று, அச்சிலிருந்து வழுக்கி வர ஒன்று, நிறத்துக்கும் இனிப்புக்கும் வேறு. காகிதத்தில் இவற்றைச் செயலற்ற பொருட்கள் என்று எழுதுவார்கள். ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு நீளமாகச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லை. மருந்து ‘அசல்’, மற்றதெல்லாம் ‘சும்மா’.

“இந்த மூட்டை அசலா, சும்மாவா?”

“சும்மாதான். ஓரமாப் போடு.”

சும்மா சாமான்களுக்கெல்லாம் ராஜா பாகு சார். புது மாத்திரைகளை உருவாக்கும் பிரிவின் மேலாளர். ஒரு காலத்தில் இருமல் மருந்துக்கு அவர் காய்ச்சிக் கொடுத்த பாகு சக்கைப்போடு போட்டது. பாகு போய்விட்டது, பேர் நின்றுவிட்டது. நல்ல மனிதர்தான், கோபம் மட்டும் மூக்கு நுனியில். அவருடைய புதுப் படைப்பு ஒரு மெல்லும் மாத்திரை. இரத்த அழுத்தத்துக்கான பழைய மருந்துதான் உள்ளே. ஆனால் விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் மிட்டாய் மாதிரி மென்றுவிடலாம். சர்க்கரை நோய்க்காரர்களும் பயப்பட வேண்டாம், இனிப்பு சர்க்கரையிலிருந்து வரவில்லை, சார்பிட்டால் என்கிற இன்னொரு வெள்ளைத் தூளிலிருந்து வருகிறது. நாக்கில் பட்டதும் குளுகுளுவென்று இருக்கும். கோட்டுப் பொத்தான் பருமன், வேளைக்கு மூன்று.

ஆறு கண்ணாடி வயிறுகளும் அதை இரு கை நீட்டி வரவேற்றன. பத்தே நிமிடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கரைந்துவிட்டது. அவளே அளந்தாள், அவளே எழுதினாள், அவளே கையெழுத்துப் போட்டாள். பிறகு மாத்திரை சோதனை மையத்துக்குப் போனது. அங்கே ஆரோக்கியமான பதினெட்டு ஆண்கள், வெறும் வயிற்றில், ஒரு நாள் பழைய மாத்திரையும் அடுத்த வாரம் புதியதும் சாப்பிட்டார்கள். மணிக்கொரு தடவை இரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முடிவு வந்தது. பழைய மாத்திரையில் நூறு பங்கு இரத்தத்தில் சேர்ந்தது என்றால், புதியதில் அறுபதுதான்.

பாகு சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு காகிதங்கள். ஒன்றில் அவள் கையெழுத்து.

“உன் கண்ணாடியில தொண்ணூத்தொன்பது. மனுஷன் இரத்தத்துல அறுபது. மீதி முப்பத்தொன்பது எங்கம்மா? ஆவியாப் போச்சா?”

அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் சிரித்துவிட்டாள்.

“என்ன சிரிப்பு?”

“பயம் சார்.”

“பயந்தவங்க யாராவது இப்படிச் சிரிப்பாங்களா?”

“நான் சிரிப்பேன் சார்” என்று சொல்லி, உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கு வழியாக இன்னும் கொஞ்சம் சிரித்தாள். பாகு சாரின் காதுமடல் சிவந்தது.

“ஒண்ணு, நீ வேற மாத்திரையைப் போட்டு அளந்திருக்கணும். இல்ல, அளக்காமலே எழுதியிருக்கணும்.”

“ரெண்டும் இல்ல சார். ஒருவேளை சும்மா சாமான்ல ஏதாவது…”

“சும்மா சாமான் சும்மாதான் இருக்கும். அதனாலதான் அதுக்கு அந்தப் பேரு.” அவர் பேனாவை மூடினார். “திங்கக்கிழமை பன்னெண்டு மணிக்கு அனுமதி அலுவலகத்துக்குக் கார் போகுது. அறிக்கையில நான் எழுதப்போறது ஒரே வரி. பரிசோதகரின் பொய்யான எண்கள். போயிட்டு வா.”

அந்த வரி என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். தப்பாக அளந்தவளுக்கு ஒரு திட்டு, ஒரு மாதப் பயிற்சி. பொய்யாக எழுதியவளை எந்த ஆய்வுக்கூடமும் வாசலோடு அனுப்பிவிடும். பத்தொன்பது வருடம் ஒரே வரியில் கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும்.

மேசைக்குப் போய், பத்திரப்படுத்தி வைத்திருந்த மாதிரியிலிருந்து ஆறு மாத்திரை எடுத்து, திரும்ப முதலிலிருந்து செய்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. ஆறும் அடக்க ஒடுக்கமாக அதே பதிலைச் சொல்லின. துடுப்புகள் சுற்றிக்கொண்டே இருந்தன, ஆறு பேர் சேர்ந்து எதுவும் தெரியாத மாதிரி தலையாட்டுவது போல.

மாலையில் வீட்டுக்கு நேராகப் போகவில்லை. கணவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மனசு சரியில்லாத நாட்களில் அவள் ஒரு நடை முழுக்கச் சுற்றி வருவதுண்டு. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தவர், “என்ன, இன்னைக்கு இவ்வளவு சிரிச்ச முகம்? ஏதோ பெரிய ஆபத்துன்னு நினைக்கிறேன்” என்றார்.

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் கேட்டுக்கொண்டே மிதித்தார். அன்றைக்கு ஏற்கெனவே கால்மணி தாமதம். முனையத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒருவர் கடிகாரத்தோடு காத்திருந்தார். முதல் நிறுத்தத்தில் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. இரண்டு பேர் குதித்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் குறையவே இல்லை.

“யோவ், நிறுத்துய்யா!”

“என் நிறுத்தம் போச்சு! கண்ணு தெரியலையா உனக்கு?”

“டிரைவர், நான் ஆஸ்பத்திரியில இறங்கணும், அது பின்னாடி போயிட்டே இருக்கு!”

கையில் பெரிய ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்த ஒருவர் கதவு வரை வந்து, திறந்த கதவையும் ஓடும் சாலையையும் பார்த்து, கண்ணாடியோடு திரும்பிப் போய் உட்கார்ந்தார். பஸ் நேராகப் போய் முனையத்தில்தான் மூச்சு விட்டது. எல்லோரும் திட்டிக்கொண்டே மொத்தமாக இறங்கினார்கள்.

“இப்படி ஓட்டினா நாளைக்கு உங்க மேல புகார்தான் வரும்” என்றாள்.

“வரட்டும். குதிச்ச ரெண்டு பேரை விட்டா, ஏத்தின ஆளுல ஒருத்தர் குறைஞ்சாங்களா? எண்ணிப் பாரு. எல்லாரும் பத்திரமா வண்டியிலதான் இருந்தாங்க. அவங்கவங்க இடத்துல இறங்கலையே தவிர.”

அவள் வாய் திறந்தபடி அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

“என்னம்மா?”

“முப்பத்தொன்பது பேரும் வண்டியிலதாங்க இருந்திருக்காங்க!”

“நாற்பத்திரண்டு பேரு. டிக்கெட் கணக்கு இருக்கு.”

“உங்க ஆளுங்க இல்லைங்க. என் ஆளுங்க!”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மருந்து இரத்தத்தில் சேர்வது சிறுகுடலின் மேல்பகுதியில் மட்டும்தான், அதுவும் மெல்ல மெல்ல, சந்து பொந்தில் நுழைகிற மாதிரி. அது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. சார்பிட்டாலை உடம்பு சரியாக உறிஞ்சாது, அது குடலில் நின்று தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அதுவும் இருக்கிறது, வேறொரு பாடத்தில், நூறு பக்கம் தள்ளி. இரண்டு பாடமும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. குடலில் தண்ணீர் சேர்ந்தால் வண்டி நிற்காமல் ஓடும். மாத்திரை கரைந்தது உண்மை. கரைந்த மருந்து இறங்க வேண்டிய நிறுத்தத்தில் வண்டி நிற்கவில்லை. ஆறு கண்ணாடி வயிற்றுக்கும் அது எப்படித் தெரியும்? அவற்றுக்கு வாசல் இல்லை. ஓடத் தெரியாத வயிறுகள்.

“எல்லாம் சரி,” என்றார் கணவர், முழுக்கக் கேட்டுவிட்டு. “வண்டி ஓடிச்சுன்னு யாரு சாட்சி?”

அதுதான் கேள்வி. மையம் அனுப்பிய அறிக்கையில் பக்கவிளைவு என்ற கட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது: எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை, மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்கிவரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு சோதனை மையத்துக்குப் போனாள். நீள அறை. இருபது கட்டில்கள். வேறு ஏதோ மருந்துக்காக வந்த ஆட்கள் நம்பர் எழுதிய பச்சைச் சட்டையில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் மேசையில் தலைமை நர்ஸ். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரே ஒரு சாவி.

“சிஸ்டர், போன மாசம் அந்த மெல்லும் மாத்திரை சாப்பிட்டாங்களே, அவங்களுக்கு வயித்துல ஏதாவது…”

“ஒண்ணுமில்ல. ஒவ்வொருத்தரையும் கேட்டேன். வயித்துல தொல்லை உண்டான்னு. எல்லாரும் ‘சூப்பரா இருக்கு சிஸ்டர்’னாங்க.”

“எல்லாருமா?”

“தொல்லைன்னு சொன்னா அடுத்த தடவை கூப்பிடமாட்டோம்னு அவங்களுக்கு நினைப்பு. அதுவும் இந்தக் கேள்வியைப் போய் ஒரு பொம்பள கேட்டா எந்த ஆம்பள பதில் சொல்லுவான்?”

அப்போது பதினொன்றாம் நம்பர்ச் சட்டை ஒன்று மேசைக்கு வந்து தலையைச் சொறிந்தது. நர்ஸ் கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சாவியைக் கொடுத்தார். ஒரு நீள நோட்டைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, எழுதினார்.

“என்ன சிஸ்டர் எழுதுறீங்க?”

“சாவி நோட்டு. முதல் ரெண்டு மணி நேரம் தண்ணியைக்கூட அளந்துதான் குடுக்கணும். இவங்க பாத்ரூம்குள்ள போய்க் குழாயில வாய வச்சிடுறாங்க. அதனால குழாயை மூடிட்டுப் பூட்டும் போட்டேன். அப்புறம் ஒருத்தன் உள்ளேயே தூங்கிட்டான், இரத்தம் எடுக்கிற நேரம் தப்பிப் போச்சு. அன்னையிலேர்ந்து போன நேரம், வந்த நேரம், ரெண்டும் எழுதுறேன்.”

“எத்தனை நாளா?”

“ஏழு வருஷமா.”

“யாராவது இதைக் கேட்டிருக்காங்களா?”

“இதை எவன் கேப்பான்?” என்றார் நர்ஸ். அவர் குரலில் லேசான மனத்தாங்கல் இருந்தது.

ஆறுவயிறு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நான் கேக்கிறேன் சிஸ்டர்.”

நோட்டைக் கையில் கொடுக்க விதி இல்லை. ஆனால் படித்துக் காட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை என்பது நர்ஸின் தீர்ப்பு. பேர் கிடையாது, நம்பர் மட்டும். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ரயில் நிலையத்தில் அறிவிக்கிற குரலில் ஆரம்பித்தார். “பழைய மாத்திரை நாள். எட்டு மணிக்கு மருந்து. பத்து முப்பதுக்கு ஒன்பதாம் நம்பர், உடனே வந்தாச்சு. பதினொண்ணு பத்துக்கு ரெண்டாம் நம்பர். அவ்வளவுதான், மத்தியானம் வரைக்கும் வேற யாருமில்ல.” பக்கத்தைப் புரட்டினார். “புது மாத்திரை நாள். எட்டு மணிக்கு மருந்து. எட்டு நாற்பத்தஞ்சு, ஏழாம் நம்பர். எட்டு ஐம்பத்திரண்டு, பதினாலாம் நம்பர், வாசல்ல நின்னு கதவைத் தட்டினார்னு எழுதியிருக்கேன். எட்டு ஐம்பத்தாறு, மூணாம் நம்பர்…”

படிக்கப் படிக்க நர்ஸின் வேகம் கூடியது. “ஒன்பது நாலு, திரும்ப ஏழு. ஒன்பது எட்டு, பதினேழும் பத்தும் ஒண்ணா வந்துட்டாங்க, பத்து விட்டுக் குடுத்தார். அடடே, நல்ல மனுஷன்.” கட்டில்களில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர், “ஏழாம் நம்பர் மறுபடி வந்தாரா சிஸ்டர்?” என்று கவலையோடு விசாரித்தார். “வந்தார். ஒன்பது இருபது.” அறை முழுக்க ஒரு ஐயோ எழுந்தது. ஆறுவயிறு எழுதிக்கொண்டே சிரித்தாள். பயமே இல்லாமல் சிரித்தாள். வாழ்க்கையில் அப்படி அவ்வளவு நேரம் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பேனா காகிதத்தில் குதித்துக் குதித்து எழுதியது.

பதினெட்டுப் பேரில் பதினோரு பேர். அந்த நாளில்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பதினெட்டுத் துண்டுச் சீட்டுகளைப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர், முதல் தடவை சாவி வாங்கிய நேரம். சீக்கிரம் ஓடியவர் இடது கோடியில், ஓடாதவர்கள் வலது கோடியில். பிறகு கணவர் இரத்த முடிவுகளைப் படிக்க, ஒவ்வொரு சீட்டிலும் எழுதினாள்.

“ஏழாம் நம்பர், முப்பத்தொன்பது.”

“அடுத்து?”

“பதினாலு, நாற்பத்து மூணு. மூணாம் நம்பர், நாற்பத்து ரெண்டு. ஏம்மா, இது படிக்கட்டு மாதிரி ஏறுதே!”

ஏறத்தான் செய்தது. அங்கங்கே ஒரு படி சறுக்கினாலும், இடமிருந்து வலம் போகப் போக எண் கூடிக்கொண்டே போனது. ஒரு தடவைகூடச் சாவி கேட்காத ஆட்களில் ஆறு பேருக்குத் தொண்ணூறுக்குப் பக்கத்தில். நாலாம் நம்பர் மட்டும் எதற்கும் ஒத்துவரவில்லை. அவர் ஓடவும் இல்லை, மருந்தும் ஐம்பதுதான்.

“இவரைத் தூக்கிக் கீழே போட்டுடேன்” என்றார் கணவர்.

“வேற எண் எழுதினேன்னுதானே என் மேல புகாரே? இருக்கட்டும், நாலாம் நம்பர் அவர் இடத்துலயே உக்காரட்டும்.”

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். மேசைத் தலைமாட்டில் பெரிய மேடம். தொழிற்சாலையின் தரத்துக்கெல்லாம் அவர்தான் கடைசிக் கையெழுத்து. குறைவாகப் பேசுவார், கேட்டது மறக்கமாட்டார். எதிரே பாகு சார், அவர் அறிக்கை. கதவோரத்தில் ஆறுவயிறு, அவள் சீட்டுகள். காலையிலேயே மையத்துக்குப் போன் போட்டு, சாவி நோட்டின் நகலை முறைப்படி வரவழைத்திருந்தார் மேடம். அதையும் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“நாலாம் நம்பருக்கு என்ன காரணம்?”

“தெரியல மேடம்.”

மேடம் தலையை ஆட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்த மாதிரி இருந்தது.

பாகு சாரால் பொறுக்க முடியவில்லை. “மேடம், இது என்ன விஞ்ஞானமா? பாத்ரூம் சாவியை வச்சு மருந்தை அளக்கறதா? சார்பிட்டால் வெறும் இனிப்பு. மிட்டாயில போடுறான், பற்பசையில போடுறான். மருந்து கலக்காத வெறும் மாத்திரையை ருசிக்காக நானே தினமும் தின்னுக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு என்ன ஆச்சு?”

“எத்தனை சார் தின்னுவீங்க?” என்று கேட்டாள் ஆறுவயிறு.

“ஒண்ணு.”

“சாப்பிட்டதுக்கு அப்புறமா?”

“அப்புறம்தான்.”

“அவங்க வெறும் வயித்துல மூணு சார்.”

பாகு சார் கோட்டுப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மருந்து கலக்காத வெள்ளை மாத்திரைகள். “நானும் இன்னைக்கு வெறும் வயிறுதான். உன்னாலதான். கோபத்துல சாப்பிடவே இல்ல.” ஒன்றை வாயில் போட்டு மென்றார்.

“சார், வேண்டாம் சார்” என்றாள். நிஜமாகவே பயந்துவிட்டாள். பயந்ததால் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பாகு சார் அவளையே முறைத்துக்கொண்டு இரண்டாவதைப் போட்டார். மூன்றாவது. நான்காவது. “மேலாளரே, போதும்” என்றார் மேடம். ஐந்து. ஆறு. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. எட்டோடு டப்பா காலி. “சும்மா சாமான்” என்றார், குளுகுளுவென்ற வாயோடு, வெற்றிப் பெருமிதத்தில். “மேலே பேசலாம்.”

மேலே பேசினார்கள். அவர் வரைபடத்தைக் காட்டினார், கோடுகளைக் காட்டினார், அவள் மேல் இருந்த சந்தேகத்தை ஒன்று, இரண்டு என்று அடுக்கினார். பத்தே முக்காலுக்கு எங்கிருந்தோ ஒரு நீண்ட உறுமல் கேட்டது.

“ஏசியா அது?” என்று மேடம் கூரையைப் பார்த்தார்.

“ஏசிதான்” என்றார் பாகு சார் அவசரமாக.

ஏசி மறுபடி உறுமியது. இந்த முறை அது மேசைக்கு அடியிலிருந்து வந்தது, சின்னக் கேள்விக்குறி மாதிரி வளைந்து முடிந்தது. பாகு சார் மூன்றாவது சந்தேகத்தைச் சொல்ல வாயெடுத்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது. ஒரு விரலை உயர்த்தினார், ஒரு நிமிடம் என்பது போல. நாற்காலியைத் தள்ளிவிட்டு, முதலில் நடந்து, கதவுக்குப் பக்கத்தில் நடையைக் கைவிட்டு, ஓடினார்.

அறையில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் தொழிற்சாலையின் கட்டுப்பாடு அன்றோடு போயிருக்கும். மேடம் ஜன்னலைப் பார்த்தார். ஆறுவயிறு தன் செருப்பைப் பார்த்தாள்.

திரும்பி வந்தார். உட்காரவில்லை. “எங்கே விட்டோம்?” என்றார். நான்கு நிமிடம் நின்றார். மறுபடி போனார். பதினொன்றே காலுக்கு மூன்றாவது முறை போனவர் திரும்பவே இல்லை.

பதினொன்று நாற்பதுக்கு வாசலில் கார் வந்து நின்றது. மேடம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் தனியாக எடுத்து, வெள்ளைத்தாள் ஒன்றோடும் பேனாவோடும் அவளிடம் நீட்டினார். “எனக்குப் புரிஞ்சாச்சு. ஆனா அறிக்கை அவருடையது. அவர் சொல்லி, அவர் கையெழுத்துப் போட்டாதான் அந்த வரி மாறும். எங்க இருக்காரோ அங்க போய் வாங்கிட்டு வாங்க.”

நடைக் கோடியில் ஆண்கள் கழிப்பறை. கதவு சாத்தியிருந்தது. அவள் வெளியே நின்று, தொண்டையைக் கனைத்து, மெல்லத் தட்டினாள்.

“ஆள் இருக்கு!”

“தெரியும் சார். நான்தான் சார்.”

உள்ளே குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

“கார் வந்துடுச்சு சார். மேடம் அனுப்பினாங்க. அந்தக் கடைசி வரி…”

“எத்தனை மணி?”

“பதினொண்ணு நாற்பத்து நாலு.”

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, களைத்த, ஆனால் பிரமாதமாகத் தெளிவான ஒரு குரல் வந்தது. “எழுதிக்குங்க.”

அவர் அவளை நீங்க என்று சொன்னது பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவள் தாளைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“கரைதல் பரிசோதனை முறையாகச் செய்யப்பட்டது. எண்கள் அனைத்தும் உண்மையானவை. எழுதியாச்சா?”

“உண்மையானவை. ஆச்சு சார்.”

“மாத்திரை முழுவதும் கரைந்தது. ஆனால் கரைந்த மருந்து உறிஞ்சப்படும் முன்பே குடலைக் கடந்து… கொஞ்சம் இருங்க.”

அவள் இருந்தாள். நடையில் வந்த கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர், ஆண்கள் கழிப்பறைச் சுவரில் தாளை வைத்து நிற்கும் பெண்ணைப் பார்த்து, வந்த வழியே திரும்பிப் போனார்.

“…கடந்து சென்றிருக்க வேண்டும். இதற்குக் காரணம் மாத்திரையில் சேர்க்கப்பட்ட இனிப்பு.” தண்ணீர் கொட்டும் சத்தம். “அடிச்சிடுங்க. ‘நான் சேர்த்த இனிப்பு’ன்னு போடுங்க.”

“‘நான்’னு வேணுமா சார்?”

“போடுங்கம்மா. நான்தானே சேர்த்தேன். அளவைக் குறைத்து மறுபடி சோதிக்கப் பரிந்துரைக்கிறேன். அவ்வளவுதான்.”

கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. குனிந்து தாளைத் தள்ளினாள், பேனாவை உருட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தாள் திரும்பி வந்தது. முழங்காலில் வைத்துப் போட்ட கையெழுத்து, ஆனாலும் முழுக் கையெழுத்து, அடியில் கோடு வரை.

“நன்றி சார்.”

“இருங்க, போகாதீங்க.” குரல் தாழ்ந்து, கதவுக்குப் பக்கத்தில் வந்தது. “உங்க ஆளுங்களுக்கெல்லாம் எத்தனை மணி நேரத்துல நின்னுச்சு?”

“மூணு தின்னவங்களுக்கு ரெண்டரை மணி நேரத்துக்குள்ள நின்னுடுச்சு சார்.”

“எட்டு தின்னா?”

அவள் யோசித்தாள். கண்ணாடி வயிறு ஆறையும், சட்டை பதினெட்டையும் யோசித்தாள்.

“எட்டு இதுவரைக்கும் யாரும் தின்னதில்ல சார்” என்றாள்.

கீழே கார் ஹாரன் அடித்தது. தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி, அவள் ஓடினாள்.